ஆஸ்பத்திரிக்கு வராந்தா எதற்கு?

போன மாதம் முழங்கால் வலிக்காக இடுக்கி மலையில் ஒரு குடும்ப ஆரோக்கிய மையத்துக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற பெட்டியின் பொத்தானை அழுத்தினால், டாக்டர் கேட்கும் முன்பே நாக்கை நீட்டும் குழந்தை மாதிரி அது ஒரு சீட்டை நீட்டியது. என் எண் 43. உள்ளே வரிசையாக ஸ்டீல் நாற்காலிகள், சுவரில் கொசுவைப் பற்றி ஓயாமல் பேசும் ஒரு டிவி, பாலூட்டும் தாய்மாருக்குத் தனி அறை, குழந்தைகளுக்கென்று ஒரு மூலை. அந்த மூலையில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள். யானையும் காட்டெருமையும் வரையாடும் நடமாடுகிற மலையில், பிள்ளைகள் பார்க்காத விலங்கு ஒன்றாவது இருக்கட்டும் என்று யோசித்திருக்கலாம். எல்லாம் சுத்தம், எல்லாம் பளபளப்பு. நர்ஸ் முதலில் கூப்பிட்டு ரத்த அழுத்தமும் எடையும் பார்த்து, பேர் ஊர் விசாரித்து, கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகுதான் டாக்டரிடம் அனுப்புகிறார். குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அந்த எரிச்சலோடு எழுந்து பின்பக்கம் நடந்தேன். அங்கே, புதுப் பெயின்ட்டுக்கு அடியில், எனக்குத் தெரிந்த சுவர் ஒன்று நின்றது.

1984-ல் நான் வரைந்த சுவர் அது. என் முதல் கட்டடம். எனக்கு அப்போது 25 வயது. அந்த வயதில் மனிதனுக்குத் தெரியாதது என்று எதுவுமில்லை, தெரியாமல் போவதெல்லாம் அதற்குப் பிறகுதான். சுவரில் கையை வைத்தேன். ஈரமாக இருந்தது. நாற்பது வருடமாக அது அப்படித்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரி என்றால் என்ன என்று எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கல்லூரி அல்ல, நாங்கள் இருந்த தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரி. தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர். அப்பாவும் நானும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி, தொழிலாளிக்கு மருத்துவ வசதியும் அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடமும் தோட்ட முதலாளிகள் செய்து தர வேண்டியிருந்தது. சட்டமெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தது ஒரு தகரக் கூரை, ஒரு கம்பவுண்டர், இரண்டு பெரிய ஜாடி. ஒன்றில் சிவப்பு மருந்து, இன்னொன்றில் வெள்ளை மருந்து. வயிற்றில் எது நடந்தாலும் சிவப்பு, நெஞ்சில் எது நடந்தாலும் வெள்ளை. பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். அது பெரும்பாலும் யாரோ குடித்துவிட்டுப் போட்ட பிராந்தி பாட்டிலாக இருக்கும். கம்பவுண்டர் ஒரு காகிதத் துண்டை மடித்து, ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, பாட்டிலின் இடுப்பில் பசை தடவி ஒட்டுவார். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே இருப்பது ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி அந்தப் பற்களைப் பெருவிரலால் தடவிப் பார்த்து ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல் ஊற்றித் தருவாள். இன்று எனக்குக் கொடுக்கும் மாத்திரை அட்டையைப் படிக்க ஒரு மூக்குக் கண்ணாடியும் ஒரு பேரனும் தேவைப்படுகிறது.

அந்த டிஸ்பென்சரியில் அறை இரண்டுதான். மீதியெல்லாம் வராந்தா. அதில் ஒரு நீளப் பலகை, தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்துப்போய், மழைநாளில் அதன் மேல் கை வைத்தால் யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல வெதுவெதுப்பாக இருக்கும். கூரையிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்க, அதற்கு இந்தப் பக்கம் கொழுந்துக் கூடையை ஓரமாக வைத்துவிட்டுப் பெண்கள் காய்ச்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்து, கங்காணியைப் பற்றிப் பேசி, ஊரில் வராத மழையைப் பற்றிப் பேசி, கடைசியில் யார் மகளுக்கு யார் மகன் என்பதில் வந்து நிற்பார்கள். என் அத்தைக்கு மாப்பிள்ளை அமைந்தது அந்தப் பலகையில்தான். பாதி நோய் அங்கேயே சரியாகிவிடும், மீதிப் பாதிக்குத்தான் கம்பவுண்டர். ஃபினாயில் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் எங்கிருந்தோ வரும் கட்டன் சாயாவின் வாசனையும் சேர்ந்த ஒரு வாசனை உண்டு. அதை எங்கே முகர்ந்தாலும் எனக்கு இன்றும் லேசாகக் காய்ச்சல் வருகிற மாதிரி சுகமாக இருக்கும்.

இப்படி வளர்ந்தவன் முதல் ஆஸ்பத்திரியை வரையும்போது என்ன செய்தான்? வராந்தாவை எடுத்துவிட்டான்.

காரணம் இருந்தது. கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சதுர அடிக் கணக்கு. நடக்கும் இடம், நிற்கும் இடம், சும்மா உட்காரும் இடம் எல்லாம் சேர்ந்து ‘சர்க்குலேஷன் ஏரியா’. அதை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு கெட்டிக்காரன். நடுவில் ஒரு நடை, இரண்டு பக்கமும் அறைகள், ரயில் பெட்டி மாதிரி. டிரேசிங் பேப்பரில் ராட்ரிங் பேனாவால் இழுத்து, தப்பினால் பிளேடால் சுரண்டி, அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்க பிரிண்ட் எடுத்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால், அந்தச் சுருளுக்குள் இந்திய கிராமத்தின் ஆரோக்கியமே இருப்பதாக ஒரு மிடுக்கு வரும். அலுவலகச் சுவரில் ‘2000-க்குள் எல்லோருக்கும் நலவாழ்வு’ என்று ஒரு போஸ்டர். 1978-ல் சோவியத் நாட்டின் அல்மா அட்டாவில் உலகம் கூடி எடுத்த முடிவு அது. 2000 வர இன்னும் 16 வருடம் இருந்தது. கான்கிரீட் இறுக 28 நாள்தான் வேண்டும். ஆகவே நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

கிராமத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் என்ற எண்ணமே அதைவிடப் பழையது. 1946-ல் சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, 40,000 பேருக்கு ஒரு நிலையமாவது உடனடியாக வேண்டும் என்றது. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு அவை முளைக்க ஆரம்பித்தன. பிறகு சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்று வந்தது. துணை மையம் சமவெளியில் 5,000 பேருக்கு, மலையில் 3,000 பேருக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தலைகளை எண்ணினார்கள்; கொண்டைஊசி வளைவுகளை எண்ணவில்லை. போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17. வயிற்றில் பிள்ளையோடு ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து இறங்கிய எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் அந்தக் கணக்கைத் திருத்தித் தந்திருப்பாள்.

நான் சேர்ந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். பிழை என் பென்சிலில் இருந்தது. அப்போது ‘டைப் டிசைன்’ என்று ஒன்று உண்டு. ஒரு வரைபடம், எத்தனை ஊர் ஆனாலும் அதே வரைபடம், ஊர்ப்பெயர் மட்டும் மூலையில் மாறும். ரேஷன் கடைச் சட்டைத் துணி மாதிரி, எல்லார் உடம்புக்கும் ஒரே அளவு. நான் வரைந்தது மலையில் ஒன்று, பாலக்காட்டுக்குக் கிழக்கே தமிழ்நாட்டு எல்லையோரம் ஒன்று என்று இரண்டு இடத்தில் எழும்பியது. மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர், கண்ணாடிப் பட்டை ஜன்னல், மேற்குப் பார்த்த வாசல். மேற்கு எதற்கு என்றால் ரோடு அந்தப் பக்கம் இருந்தது. மழையும் அந்தப் பக்கம்தான் இருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

கொத்தனார் கவனித்திருந்தார். மார்த்தாண்டம் பக்கத்து ஆள், என் அப்பா வயது. அஸ்திவாரம் தோண்டும்போதே வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, “சாரே, இந்த ஊர் மழைக்குப் பிளான் படிக்கத் தெரியாது” என்றார். நான் சிரித்தேன். வரைபடத்தை நேராகப் பிடிக்கச் சொன்னேன். அடுத்த இடவப்பாதியில், அதாவது ஜூன் மாத மழையில், பிரசவ அறைக் கட்டிலுக்கு நேர் மேலே முதல் சொட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அந்த மொட்டை மாடிக்குத் தார் பூசினார்கள், கெமிக்கல் பூசினார்கள், ஓடு பதித்தார்கள். கடைசியில் கேரளம் முழுக்கப் பார்க்கலாமே, அதைச் செய்தார்கள், கான்கிரீட்டுக்கு மேலே இரும்புக் கால் நட்டு ஒரு தகரக் கூரை. என் தாத்தா காலத்து டிஸ்பென்சரிக் கூரை, என் நவீனக் கட்டடத்துக்குக் குடை பிடித்தபடி இன்றும் நிற்கிறது. நடுவில் நான் படித்த ஐந்து வருடப் படிப்பு மழையில் நனையாமல் பத்திரமாக இருக்கிறது.

பாலக்காட்டுப் பக்கத்துக் கதை வேறு. அங்கே ஒழுகவில்லை, கொதித்தது. கணவாய் வழியாக மார்கழியில் கிழக்குக் காற்று வறட்டு வறட்டென்று அடிக்கும், பங்குனி சித்திரையில் காற்று நின்று வெயில் மட்டும் இருக்கும். என் மொட்டை மாடி பகலெல்லாம் வெயிலைச் சேர்த்து வைத்து, சாயங்காலம் உள்ளே இருந்தவர்களுக்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. அங்கிருந்த டாக்டர் அம்மா, நாற்காலியையும் மேசையையும் எடுத்துப்போய் வெளியே வேப்ப மரத்தடியில் போட்டுக்கொண்டார்; ஊசி மட்டும் உள்ளே, மற்றதெல்லாம் மரத்தடியில். நான் அடித்துத் துரத்திய வராந்தாவை வேப்பமரம் கொஞ்சம் அங்கே வைத்திருந்தது.

இந்த நாட்டில் 40 கிலோமீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று எனக்கு அப்போது தெரியாது. மூணாறிலிருந்து மறையூருக்கு அவ்வளவுதான். ஆனால் மூணாறில் துணி காய வைக்க ஆடி மாதம் முழுக்கக் காத்திருக்க வேண்டும், மழை மறைவில் இருக்கும் மறையூரில் கரும்பும் சந்தனமும் வெயில் காய்கின்றன. அட்டப்பாடியிலும் அதே கதை: மேற்கே முக்காலிப் பக்கம் காடும் மழையும், கிழக்கே ஆனைக்கட்டிப் பக்கம் வறண்ட குன்றுகள். ஒரே தாலுகாவுக்குள் இரண்டு வானம். இதற்கு ஒரே கூரையை வரைந்தவன் நான்.

கட்டடம் எழும்பிய பிறகு ஜனங்கள் அதைத் திருத்த ஆரம்பித்தார்கள். ஸ்ட்ரெச்சருக்காக நான் போட்ட சாய்தளம் நல்ல வெயில் படும் இடமாக அமைந்துவிட்டது. அதில் நல்லமிளகு காய்ந்தது. நோயாளி வந்தால் மட்டும் நடுவில் ஒரு பாதை விடுவார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு நாற்காலி என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். வந்தது நோயாளி, அவள் மாமியார், பக்கத்து லயத்துக்காரி, இடுப்பில் ஒரு பிள்ளை, கைபிடித்து ஒரு பிள்ளை, ஜீப் டிரைவர். எங்கள் பக்கத்தில் யாரும் தனியாக நோய்ப்படுவதில்லை. கூட வந்த இந்த ஐந்து பேருக்கும் என் ரயில் பெட்டியில் சீட்டு இல்லாததால் படிகளில் உட்கார்ந்தார்கள், படி நிறைந்ததும் சாய்தளத்தில் மிளகோடு மிளகாக உட்கார்ந்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய மறதி வெந்நீர். மார்கழியில் புல் மேல் உறைபனி படியும் ஊரில், பிரசவமானவளுக்கு வெந்நீர் எங்கே காய்ச்சுவது என்று நான் யோசிக்கவே இல்லை. அவர்கள் யோசித்தார்கள். என் செப்டிக் டேங்க் மூடியின் பக்கத்தில் மூன்று கல் அடுப்பு ஒன்று முளைத்தது. அந்தக் கட்டடத்திலேயே ஒருநாளும் பழுதாகாத பகுதி அதுதான். பின்னால் யாரோ நல்ல மனதோடு சூரியசக்தி வெந்நீர் எந்திரம் வைத்தார்கள். வெந்நீர் தேவைப்படாத மாதங்களில் அது அருமையாக வேலை செய்தது.

பேச்சுக்கும் ஒரு அறை வேண்டும் என்று தெரிந்தது அப்புறம்தான். கீழேயிருந்து வரும் டாக்டர்களுக்கு மலையாளம், லயத்து ஜனத்துக்குத் தமிழ். இரண்டும் அக்கா தங்கை என்பதால் வரும் ஆபத்து ரொம்ப. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். “பனி உண்டோ?” என்று இளம் டாக்டர் கேட்க, “உண்டு சாமி, விடியக்காலம் எதிர்ல ஆளு தெரியல” என்று ஒரு பாட்டி சொன்னதை என் காதால் கேட்டேன். அவர் விடாமல், “வேதன எவிடெயா?” என்றார், வலி எங்கே என்று. பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திருப்பூருக்குப் போன மகன் காசு அனுப்பாத கதையை முழுக்கச் சொல்லி முடித்தாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டு ஒரு சத்து மாத்திரை எழுதினார். இன்று பலகைகளில் தமிழும் இருக்கிறது. மனச்சோர்வுக்கென்றே ‘ஆசுவாசம்’ என்று ஒரு சேவை குடும்ப ஆரோக்கிய மையங்களில் வந்திருக்கிறது. அந்தப் பாட்டி அதைத்தான் முப்பது நாற்பது வருடம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போனாள் என்று இப்போது தோன்றுகிறது.

இதையெல்லாம் முன்பே தெரிந்துகொள்ள வழி இருந்தது. எங்கள் மாவட்டத்திலேயே இருந்தது. 1963-ல் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் அவர் மனைவி டாக்டர் எலிசபெத்தும் இமயமலை ஓரத்துப் பித்தோராகரை விட்டு வாகமண்ணுக்கு வந்தார்கள். எலிசபெத் வைத்தியம் பார்த்தார், பேக்கர் கட்டினார். இங்கிலாந்தில் பிறந்து, தொழுநோயாளிகளுக்கான இல்லங்களைக் கட்ட இந்தியாவுக்கு வந்து, ஐந்து மைலுக்குள் கிடைப்பதைக் கொண்டு வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் பேச்சை ஆயுள் முழுக்க நம்பிய மனிதர். நோயாளியோடு வீடே வரும், வருகிறவர்கள் சமைப்பார்கள், துவைப்பார்கள் என்பதெல்லாம் ஒரு டாக்டரோடு குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நான் படிக்கும்போது அவர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டிருந்தார். எலிப்பொறிக் கட்டு என்று செங்கல்லை நிமிர்த்தி வைத்து, நடுவே காற்று விட்டு, ஏறக்குறைய கால்வாசிச் செங்கல்லை மிச்சம் பிடிப்பார். ஜன்னலுக்குப் பதில் ஓட்டை ஓட்டையாக ஜாளிச் சுவர் வைத்துக் காற்றையும் வெளிச்சத்தையும் சல்லடையில் சலித்து உள்ளே விடுவார். நாங்கள் ஒருநாள் பஸ் பிடித்துப் போய் அவர் கட்டடம் ஒன்றைப் பார்த்தோம். “பூசக் காசில்லை போல” என்று நான் சொன்னேன், கூட்டம் சிரித்தது. அன்று அந்த நகைச்சுவைக்காக எனக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தார்கள். 2007-ல் அவர் இறந்த செய்தியைப் படித்தபோது அந்த டீ ஞாபகம் வந்தது.

பழையதையெல்லாம் பொன் என்று சொல்ல வந்தவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். அந்த வழவழத்த பலகையில் மாப்பிள்ளை அமைந்த என் அத்தை, இரண்டாவது பிரசவத்தில், ஜீப் பாதி மலை இறங்குவதற்குள் போய்விட்டாள். சிவப்பு மருந்தும் வெள்ளை மருந்தும் ரத்தப்போக்கை நிறுத்தாது. வராந்தாவில் எத்தனை பேர் உட்கார்ந்து அழுதாலும் நிறுத்தாது. இன்று 108-ஐக் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. 2017-ல் கேரளம் ஆர்த்ரம் என்று ஆரம்பித்ததில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப ஆரோக்கிய மையங்களாகி, மத்தியானத்தோடு பூட்டிய ஓ.பி. சாயங்காலம் 6 மணி வரை நடக்கிறது. கூலி வேலை முடித்து வருகிறவனுக்கு எந்தக் கட்டடக் கலைஞனும் கொடுக்காத பெரிய வாசல் அந்த நான்கைந்து மணி நேரம்தான்.

ஆனாலும் சில இடங்களில் வாசல் எவ்வளவு பெரிதானாலும் வழி வேண்டுமே. இடமலக்குடி 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தானது. அங்கே நெடுங்காலம் நோயாளியைக் கம்பளியில் வைத்து, கம்பில் தொட்டில் கட்டி, ஆள் மாற்றி ஆள் காட்டு வழியில் தூக்கி வந்தார்கள். அங்கே வாழும் முதுவர்கள் மதுரையிலிருந்து வரும்போது தெய்வத்தையே முதுகில் சுமந்து வந்தவர்கள் என்று அவர்கள் கதை. அதனால் சுமக்கத் தெரியும் என்று நாமும் சும்மா இருந்துவிட்டோம் போல. இப்போது இ-சஞ்சீவனி என்று திரையில் டாக்டரைப் பார்க்கும் வசதி இருக்கிறது. அனுமார் மருந்துக்காக மலையைத் தூக்கி வந்தார். மலையிலோ சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு நோயாளியைத் தூக்கிப்போக வேண்டும். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் அங்கே வண்டியில் போக பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து 70 பேரை லயத்தோடு கொண்டுபோனபோது, கரண்டும் போனும் இல்லாததால் செய்தி வெளியே வரவே விடிந்துவிட்டது. அந்த இரவுக்கு நான் எந்தக் கட்டடத்தை வரைந்திருந்தாலும் பயனில்லை.

அட்டப்பாடியில் எனக்கு இன்னொரு பாடம் கிடைத்தது. கோட்டத்தறையில் 2007-லேயே பழங்குடியினருக்கான ஸ்பெஷாலிட்டி ஆஸ்பத்திரி வந்துவிட்டது. 2013-ல் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. தாய்மாருக்கு ரத்தமில்லை, பிள்ளைகளுக்கு எடையில்லை. பிறகு ஊர் ஊராக சமூகச் சமையலறைகள் வந்தன. மூன்று கல் அடுப்பை நான் மறந்தது வெறும் வெந்நீர் விஷயம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, என் முழங்காலுக்கு வருகிறேன். ஈரச் சுவரில் கை வைத்தபடி நின்றவனை, தலையில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் பார்த்துவிட்டாள். கட்டடக் கலைஞர், என் மகளைவிடச் சின்னவள், பக்கத்தில் எழும்பும் புதுப் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. “இந்தப் பழைய பில்டிங்கை யார் போட்டாங்கன்னே தெரியல அங்கிள், வெஸ்ட்ல வாசல் வெச்சிருக்காங்க” என்றாள். நானும் தலையை ஆட்டி வருத்தப்பட்டேன். கையிலிருந்த டேப்பைத் தட்டிப் புதுக் கட்டடத்தைக் காட்டினாள். விரலால் சுழற்றினால் கட்டடம் சுழன்றது, மழை பெய்தது, வெயில் அடித்தது. சாய்ந்த ஓட்டுக் கூரை. கிழக்கே பார்த்து ஒரு நீண்ட திறந்த இடம், அதில் ஓரமாக ஒரு பலகை. “இது என்னம்மா?” என்றேன், தெரியாதவன் போல. “ஃபேமிலி வெயிட்டிங் ஸோன் அங்கிள். பேஷன்ட் தனியா வர மாட்டாங்க இல்லையா, கூட வர்றவங்களுக்கு.” தமிழில் திண்ணை, பாலக்காட்டுக்காரர்களுக்கு உம்மரம், எங்கள் கம்பவுண்டருக்கு வராந்தா. நான் இரண்டே கோட்டில் அழித்ததற்கு அவள் தனியாக ஒரு பெயரும் ஒரு அறிக்கையும் எழுதி அனுமதி வாங்கியிருக்கிறாள். வெந்நீருக்கு என்ன வழி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு டேப்பில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

ஸ்பீக்கர் 43-ஐ ஏற்கெனவே கூப்பிட்டு முடித்திருந்தது. மறுபடி பொத்தானை அழுத்தி, 71 வாங்கிக்கொண்டு, முடியாத புது வராந்தாவில் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார், எந்த எஸ்டேட் என்று கேட்டார், சொன்னேன், என் தாத்தா பெயரைச் சொல்லி அவர் பேரனா என்றார். எண் வரும் வரைக்கும் பேச எங்களுக்கு விஷயம் இருந்தது.

இன்னும் ஒரு வருடத்தில் அது திறந்துவிடும் என்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் கிழக்குப் பக்கம் உட்காருங்கள். மேற்குப் பக்கம் சாரல் அடிக்கும். அது நான் வரைந்தது.